ரெண்டாந்தடவ கேக்காதவ

ஏம்மா, நீ போன்ல உங்கம்மாகிட்ட பொய் சொன்னதக் கேட்டுட்டேன். முறைக்காத. ஒட்டுக் கேக்கிற புத்தியெல்லாம் எனக்குக் கிடையாது. நீ தமிழ்ல பேசுன, எனக்குக் காது இருக்கு, அம்புட்டுத்தான். இந்த ட்ரெயின் பெட்டி பூராவும் அது விளங்கக்கூடிய ஆளு நான் ஒருத்திதான். என் கெட்ட நேரம், உனக்கு எதுத்த சீட்டு.

"ரூமுக்கு வந்துட்டேம்மா, நல்லா சூடா இருக்கு, சாப்பிட்டேம்மா." அப்படித்தான சொன்ன? அதுக்கு முன்னாடி ஃப்ரெண்டுகிட்ட என்ன சொன்ன? வீட்டுக்காரன் நாளைக்குக் காலையிலதான் சாவி தருவேன்னுட்டான், ராத்திரி ஸ்டேஷன்லயே உக்காந்துக்கிறேன், அம்மாவுக்குத் தெரிஞ்சா அழும்னு. இந்த ஜெர்மன்காரன் ஊரு நவம்பர் மாசக் குளிர்ல ஸ்டேஷன்ல உக்காரப் போறாளாம் மகராசி. போட்டிருக்கிற ஸ்வெட்டரப் பாரு. அது ஊட்டிக்குப் போடுறது. கடைசி ஸ்டேஷன்ல என்ன இருக்கும்னு நினைச்ச, நம்மூரு ஜங்ஷன் மாதிரி டீக்கடையும் போலீஸும் கூட்டமுமா? ஒரு இரும்பு பெஞ்சு இருக்கும். நீ இருப்ப.

சரி, எனக்கென்ன வந்தது. பேரென்ன? தாரணியா. எந்த ஊரு? ராசிபுரமா. பெட்டிக் கைப்பிடியில அடையாளத்துக்குச் செவப்பு ரிப்பன் கட்டிருக்கப்பவே நினைச்சேன், நம்மூரு புள்ளதான்னு. நான் செண்பகவல்லி, கோவில்பட்டி. நீ சேரப்போற காலேஜ்லதான் நானும் படிக்கிறேன், கடைசி செமஸ்டர். ஆனா குடியிருக்கிறது அங்க இல்ல. நடுவுல ஒரு ஊரு, பேரச் சொன்னா உன் வாயில நுழையாது. அங்கருந்து தினமும் இந்த ட்ரெயின்லதான் போக வர. காலேஜ் பக்கத்துலயே இருக்கலாமேன்னு கேளு. கேக்க மாட்டியா? நானே சொல்றேன். நான் இப்படி அலையிறதுக்குக் காரணம் ஒரே ஒருத்தி.

இரு, டப்பாவத் தொறந்துக்கிறேன். எலுமிச்சம்பழச் சாதமும் உருளக்கிழங்கு வறுவலும். எர்ஃபுர்ட் டவுனுக்கு மளிகை வாங்கப் போறேன்னு காலையில கட்டிட்டுப் போனேன், திங்க நேரமில்ல. சாப்பிடுறியா? வேண்டாமா? இப்பத்தான் சாப்பிட்டியா? சரி.

அந்தா மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா, நீ ஏறுறப்ப பெட்டியத் தூக்கி மேல வைக்கவான்னு உன்னக் கேட்டாள்ல. நீ வேண்டாம்னு தலையாட்டுன. உடனே திரும்பிப் போயி புஸ்தகத்த விரிச்சிட்டா பாத்தியா? நீ ஒரு மரியாதைக்கு வேண்டாம்னு சொன்ன. நம்மூரு பொம்பளன்னா "அட, கொண்டா இங்க"ன்னு பிடுங்கி வச்சிருப்பா. இவ போயிட்டா. நீ அந்த மூட்டையோட மல்லுக்கட்டுற, இவ பக்கத்தப் புரட்டுறா. இதுதான் இந்த ஊரு. இவங்க அத்தன பேருக்கும் வாய் இருக்கு, கேக்கத் தெரியாது. ஒரு தடவ கேப்பாக. அதோட கடமை முடிஞ்சது, கையக் கழுவிட்டுப் போயிருவாக.

நான் சொன்ன ஒருத்தி பேரு ஆல்முட். முதல் வருசம் அவகூடத்தான் இருந்தேன். ஒரே வீடு, ஆளுக்கு ஒரு ரூம், அடுப்படி மட்டும் பொது. நர்சுக்குப் படிச்சிட்டிருந்தா. நல்ல உசரம், கையெல்லாம் பூனைமுடி, சிரிச்சா பல்லு ஈறு தெரிய சிரிப்பா. அந்தச் சிரிப்ப நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

நான் வந்து இறங்குன அன்னைக்கு உன்னய மாதிரியேதான். ஃபிளைட்ல குடுத்தத வாயில வைக்க முடியல, அடுத்து ட்ரெயினு, அடுத்து பஸ்ஸு. வயிறு ஒட்டிப்போயி வீட்டுக்குள்ள நுழையிறேன், அடுப்புல என்னமோ கொதிக்குது. தக்காளி வாசம். வெங்காயம் வதக்குன வாசம். இவ கரண்டியோட திரும்பிப் பாத்து, கையக் குடுத்து, பேரச் சொல்லி, "சாப்பிடுறியா?"ன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன்ல ரொம்ப அழகா வர்ற வார்த்தை ஒண்ணு இருந்துச்சு. "நைன், டாங்க." வேண்டாம், நன்றி. சிரிச்சிட்டே சொன்னேன். பெறகு என்ன செய்வோம் நாம? அங்கனயே நிப்போம். பெட்டிய இங்கிட்டு நகட்டுவோம், அங்கிட்டு நகட்டுவோம். அவக மறுபடி கேக்கிறதுக்கு ஒரு நேரம் குடுப்போம்.

சரின்னுட்டா தாரணி. "சரி"ன்னு சொல்லிட்டு ஒரே ஒரு தட்ட எடுத்து வச்சு, என் கண்ணு முன்னாடியே உக்காந்து அம்புட்டையும் தின்னா. நான் ரூமுக்குப் போயி, எங்கம்மா கட்டிக்குடுத்த சீடைய கடிச்சிட்டு அழுதேன். கல்நெஞ்சக்காரி. ஒரு புள்ள அம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்கு, முகம் வாடிக் கெடக்கு, வேண்டாம்னு சொன்னா விட்டுர்றதா? முகத்தப் பாத்தா தெரியாதா ஒரு மனுசிக்கு?

எங்க வீட்ல எப்படின்னா, எங்க மாமா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கம்மா தெருமுக்குல நிப்பாட்டி வச்சு சொல்லும். அத்தை பலகாரம் குடுத்தா உடனே கைய நீட்டிராத, பறக்காவெட்டி, காணாததக் கண்டவன்னு நினைப்பாக. அவகளா கையில திணிச்சா வாங்கு. அத்தையும் லேசுப்பட்ட ஆளு இல்ல. நாம வேண்டாம்னா, "ஆமா, உங்க வீட்ல இல்லாத முறுக்காக்கும், தின்னு கழுத"ன்னு மடியில கொட்டும். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டே வயிறு முட்டத் தின்னுட்டு வருவோம். அதுல ஒரு மரியாதையும் இருக்கு, ஒரு பிரியமும் இருக்கு. உங்க ராசிபுரத்துலயும் அப்படித்தான? பெறகு? உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இவளுக்கு எவன் சொல்லிக் குடுக்கிறது?

நானா போயி சொல்லவா முடியும், "ஆத்தா, நான் வேண்டாம்னு சொன்னா இன்னொரு தடவ கேளு"ன்னு? கேட்டு வாங்குறதுக்குப் பேரு பிச்சை. நான் சொல்லல.

அன்னைலருந்து தினமும் இதே கூத்துதான். பத்தாததுக்கு இன்னொரு கொடுமையும் பண்ணா. எனக்கு ஜெர்மன் வரணும்னு என்கிட்ட இங்கிலீஷ்லயே பேச மாட்டா. அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும், அது வேற விசயம். பேச மாட்டா. சாயங்காலம் நான் தண்ணி பிடிக்க அடுப்படிக்குப் போனா பிடிச்சுக்குவா. இன்னைக்கு என்ன செஞ்ச, சொல்லு. நான் திக்கித் திணறி ஒண்ணு சொல்லுவேன். தப்பு, இப்படிச் சொல்லு. சொல்லுவேன். இன்னொரு தடவ சொல்லு. சொல்லுவேன். இன்னும் ஒரு தடவ. கேட்டியா கதைய! நான் தப்பாச் சொன்ன வார்த்தைய ஒம்பது தடவ திருப்பிக் கேப்பா, சோறு வேணுமான்னு மட்டும் ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டா.

அடுப்படியில நின்னு பருப்பு சூப்பு, உருளக்கிழங்கு உருண்டை, பூசணிக்கா அடை, என்னென்னமோ செய்வா. எல்லாத்துக்கும் பேரு சொல்லுவா, வேணுமான்னு கேப்பா, நான் நைன் டாங்க சொல்லுவேன். இன்னைக்கு நீ ஜெர்மன் ஹோட்டல்ல எந்தச் சாப்பாட்டுப் பேரு கேட்டாலும் நான் சொல்லிருவேன். எல்லாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லியே மனப்பாடம் ஆனது. சாயங்கால ஜெர்மன் வகுப்புல எங்க டீச்சர் ஒரு நாள் எல்லார் முன்னாடியும் சொன்னாக, "செண்பகா, மத்ததெல்லாம் போகப்போக வரும், ஆனா உன் நைன் டாங்க மட்டும் இங்க பொறந்து வளந்தவ சொல்ற மாதிரியே இருக்கு"ன்னு. கை தட்டுனாக. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

அந்த வகுப்புல ரீம்னு ஒரு சிரியாக்காரி இருந்தா. அவதான் மனுசி. இடைவேளையில டப்பாவத் தொறப்பா. நாம வேண்டாம்னா, கோவிச்சுக்குவா, கையப் பிடிச்சு இழுத்து உள்ளங்கையில வைப்பா, தின்னு முடிக்கிற வரைக்கும் மூஞ்சியவே பாத்துட்டிருப்பா. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா பேசிக்க ஒரு பாஷை ஒழுங்கா கிடையாது. ஆனாலும் அவளுக்குப் புரிஞ்சது. இந்த ஊருக்காரி நல்லாப் பேசுவா, இவளுக்குப் புரியாது. அப்ப பாஷை படிச்சு என்ன பிரயோஜனம், நீயே சொல்லு.

உன் போன் செவப்புல மினுங்குது பாரு. சார்ஜ் தீரப்போகுது. என்கிட்ட பவர் பேங்க் இருக்கு, வேணுமா? வேண்டாமா? சரி, உன் இஷ்டம். எதுக்குக் கேட்டேன்னா, சாவி குடுக்கிறவன் நம்பர் அதுலதான இருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், கிறிஸ்மஸ். டிசம்பர் ஆரம்பத்துலயே அவ கேட்டா. எங்க ஊருக்கு வாரியா, அப்பா அம்மா தம்பி எல்லாரும் இருப்பாக, பனி நிறைய இருக்கும், அம்மா வாத்து சுடுவாக, நீ கறி திங்க மாட்டன்னா உனக்குத் தனியா செய்யச் சொல்றேன்னு. அம்புட்டு விவரமாக் கேட்டா. எனக்கு உள்ளுக்குள்ள குதிக்குது. இருந்தாலும் சட்டுன்னு எப்படி ஆமான்னு சொல்றது? அவக குடும்பம் வருசத்துல ஒரு தடவ ஒண்ணா இருக்கிற நாளு. நம்மூர்ல தீவாளிக்கு ஒருத்தி "எங்க வீட்டுக்கு வா"ன்னா, "அய்யோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்"னுதான சொல்லுவோம். சொன்னேன். "வேண்டாம் ஆல்முட், உங்க குடும்பத்தோட சந்தோசமா இரு."

அவ என்னய ஒரு நிமிசம் பாத்தா. "நெசமாவா?"ன்னு கேட்டா. இத ரெண்டாந்தடவன்னு எடுத்துக்கலாமான்னு நீ நினைப்ப. எடுத்துக்க முடியாது. நெசமாவான்னு கேக்கிறது சந்தேகத்துக்குக் கேக்கிறது, வான்னு கூப்பிடுறது இல்ல. நெசமாத்தான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

ஆனா கூப்பிடுவாங்கிற நம்பிக்கை எனக்கு இருந்துச்சு. ஊர்லருந்து எனக்கு வந்த பார்சல்ல அவ அம்மாவுக்குன்னு ஒரு பாக்கெட் கடலமிட்டாயப் பிரிக்காம எடுத்து வச்சேன். அவ கிளம்புற அன்னைக்குத் தல குளிச்சு, பைய கட்டி, கதவுக்குப் பின்னாடி வச்சிட்டு, நல்ல சுடிதார் போட்டுட்டு நின்னேன். வாசல்ல சத்தம் கேக்குது. ஷூ மாட்டுறா. நான் கதவத் தொறந்து வெளிய வந்தேன். அவ என்னய மேலயும் கீழயும் பாத்தா, "அழகா இருக்க, எங்கயாவது போறியா?"ன்னு கேட்டா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! "ஆமா, எனக்கும் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க"ன்னேன். "நல்லது, நீ தனியா இருப்பியோன்னு கவலப்பட்டேன்"னு சொல்லி கட்டிப்பிடிச்சா. போயிட்டா. நடிப்பப் பாத்தியா? கவலப்பட்டாளாம்.

அந்த ஊர்ல கிறிஸ்மஸ்னா கடைகண்ணி ஒண்ணு இருக்காது, தெருவுல நாய் இருக்காது. எனக்கு அது தெரியாது, நான் ஒண்ணும் வாங்கி வைக்கல. அரிசி இருந்துச்சு, ஊறுகா இருந்துச்சு. அவ அம்மாவுக்கு வச்சிருந்த கடலமிட்டாய நானே பிரிச்சுத் தின்னேன். எங்கம்மா போன் பண்ணி என்னடி பண்ற, பண்டிகையாமே அங்கன்னு கேட்டுச்சு. ஃப்ரெண்டு வீட்ல இருக்கேம்மா, விருந்து தடபுடலா இருக்குன்னேன். நீ சொன்னியே இப்ப, அதே மாதிரிதான். அதான் உன் குரலக் கேட்டதுமே பிடிச்சிட்டேன்.

சிரிக்காத. அழாத. ஒண்ணு பண்ணு ரெண்டுல. டிஷ்யூ வேணுமா? வேண்டாமா. சரி.

இனிமேத்தான் பெரிய விசயம். பிப்ரவரியில வீட்டுக்காரன் வீட்ட இடிச்சுக் கட்டப் போறேன், எல்லாரும் காலி பண்ணுங்கன்னுட்டான். அந்த ஊர்ல ரூம் கிடைக்கிறது என்ன பாடுன்னு நீ இனிமே தெரிஞ்சுக்குவ. என் பேரப் பாத்தாலே பதில் போட மாட்டான். போனா, "இப்பத்தான் குடுத்துட்டோம்"பான். நான் நாயா அலையிறேன். ஆல்முட் என்ன பண்ணா, ஆஸ்பத்திரியில யாரையோ பிடிச்சு ஒரு வீடு பாத்துட்டா. காலேஜுக்கு எதுத்தாப்புல. ரெண்டு ரூம், ஒரு அடுப்படி, வெயில் விழுற பால்கனி. என்னய இழுத்துட்டுப் போயி காட்டுனா. அந்தப் பால்கனியில நின்னு கேட்டா.

"செண்பா, என்கூட இங்க வந்து இருக்கியா?"

தாரணி, நான் உனக்கு மறைக்காமச் சொல்றேன். எனக்கு அழுகை வந்துருச்சு. அந்தப் பால்கனியில துளசிச்செடி எங்க வைக்கிறதுன்னு கூட மனசு பாத்துருச்சு. ஆனா வீடு பிடிச்சது அவ. அலைஞ்சது அவ. நான் பாட்டுக்குக் கேட்ட உடனே ஒட்டிக்கிட்டா என்ன நினைப்பா? இதுக்குத்தான் காத்துட்டிருந்தான்னு நினைக்க மாட்டா? நம்ம மானம் என்னாகிறது? சொன்னேன், "வேண்டாம் ஆல்முட். என்னால உனக்கு எதுக்குத் தொந்தரவு? நீ உனக்குத் தோதான ஆளாப் பாரு."

எப்பேர்ப்பட்ட பேச்சு பாரு அது! நம்மூர்ல இப்படி ஒருத்தி சொன்னா, அதக் கேட்டவ என்ன செய்யணும்? "போடி கூறுகெட்டவளே, தொந்தரவாம் தொந்தரவு, நாளைக்குப் பெட்டியக் கட்டு"ன்னு வையணும். அப்படி ஒரு ஏச்சுக்குத்தான் நான் நின்னேன். அவ பால்கனிக் கம்பியத் தடவிட்டே நின்னா. பெறகு, "புரியுது"ன்னா. என்ன மயிரு புரிஞ்சது அவளுக்கு? மன்னிச்சுக்கோ, வாய் தவறிருச்சு.

அதுக்கப்புறம் வீட்ல என்னமோ ஒரு மாதிரி நடந்துக்கிட்டா. சாயங்காலம் பிடிச்சு வச்சு பேசச் சொல்றது நின்னு போச்சு. நான் தப்பாப் பேசினாலும் திருத்துறது இல்ல. அடுப்படிக்கு நான் வந்தா அவ தட்டத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிருவா. சரி, கேக்கிறதுக்கு நேரம் பாக்குறா போலன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். வேற ரூம் தேடுறதக்கூட நிறுத்திட்டேன், கேட்டியா. அம்புட்டு நம்பிக்கை.

ஒரு வாரம் கழிச்சு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்து வீட்டுக்குள்ள நிக்கிறா. இவதான் என்கூட வரப் போறாங்கிறா ஆல்முட். பத்திரத்துல கையெழுத்தும் போட்டாச்சாம்.

பிடிச்சேன் பாரு ஒரு பிடி. அது வரைக்கும் நான் படிச்ச ஜெர்மன் அத்தனையும் அன்னைக்கு வந்துச்சு. ஒரு தப்பு இல்லாம, நிறுத்தாம, மடமடன்னு. நீயெல்லாம் ஒரு மனுசியா, ஒரு வருசமா ஒரே வீட்ல இருந்துட்டு என்னயத் தெருவுல விடுறியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்கான்னு. அந்தப் பொண்ணு மிரண்டு போயி வெளிய ஓடிட்டா. ஆல்முட் அழுதா. என்ன சொன்னா தெரியுமா?

"நான் உன்னய ஒரு வருசமாக் கேட்டுட்டே இருந்தேன் செண்பா. சாப்பிடுறியா, சினிமாவுக்கு வாரியா, எங்க வீட்டுக்கு வாரியா, என்கூட இருக்கியா. ஒரு தடவகூட நீ சரின்னு சொன்னதில்ல. சிரிச்சிட்டே வேண்டாம்ப. நான் என்ன தப்புப் பண்ணேன்னு எங்கம்மாட்ட கேட்டு அழுதிருக்கேன். உனக்கு என்னயப் பிடிக்கலன்னு நினைச்சேன். பிடிக்காத ஆளப் போட்டுத் திரும்பத் திரும்ப நச்சரிக்கிறது அசிங்கம் இல்லயா?"

எப்படிப் பேச்ச மாத்துறா பாரு! பழிய எம்மேல போடுறா. நச்சரிக்கிறதாம்ல, நச்சரிக்கிறது! ரெண்டாந்தடவ கேட்டா இவ கிரீடம் எறங்கிருமா? நான் கேட்டேன், "என் மூஞ்சியப் பாத்தா உனக்குத் தெரியலயா?"ன்னு. அவ சொல்றா, "உன் மூஞ்சி சிரிச்சிட்டு இருந்துச்சே"ன்னு. கதவ அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டேன்.

பெறகென்ன, கடைசி நேரத்துல எவன் ரூம் குடுப்பான். ட்ரெயின் வழியில இந்த ஊர்ல ஒரு கிழவனோட மாடி கிடைச்சது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஊரே செத்துக் கெடக்கும். பேச ஆளில்ல. ஜெர்மன் பேசிப் பேசி நல்லா வந்துட்டிருந்தது, இப்ப அதுவும் மழுங்கிப் போச்சு. அந்தக் கிழவனுக்குக் காது கேக்காது. ரூம் என்னமோ பெருசுதான். ஒரு கட்டில், ஒரு சோஃபா. சோஃபாவ இழுத்தா அதுவும் கட்டில்தான், அதுல இது வரைக்கும் ஒருத்தரும் படுத்ததில்ல. ஹீட்டர் மட்டும் நல்லா வேலை செய்யும், சும்மா சொல்லக்கூடாது.

போன வாரம் அவளப் பாத்தேன். ஆல்முட்டதான். காலேஜ் பக்கத்துல சூப்பர் மார்க்கெட்ல, பால் வச்சிருக்கிற எடத்துல. நர்சு வேலையில சேந்துட்டாளாம். முடிய வெட்டிருக்கா. என்னயப் பாத்ததும் அந்த ஈறு தெரியிற சிரிப்பு. "செண்பா, நேரம் இருக்கா, ஒரு காப்பி குடிக்கலாமா?"ங்கிறா.

நான் என்ன சொல்லிருப்பேன்? நைன் டாங்கன்னேன். அவ்வளவு நடந்ததுக்கு அப்புறம் கூப்பிட்ட உடனே ஓடிருவேனாக்கும். "சரி, நல்லா இரு"ன்னுட்டு அவ வண்டியத் தள்ளிட்டுப் போயிட்டா. நான் அங்கனயே கொஞ்ச நேரம் நின்னேன். அந்த வரிசை சுத்தித் திரும்பி வரும் பாத்துக்கோ, பில் போட அந்த வழியாத்தான் வரணும். பால் பாக்கெட்ட எடுத்துத் தேதியப் பாக்குறதும் வைக்கிறதுமா நின்னேன். அவ வேற வழியாப் போயிட்டா போல. இன்னும் திருந்தல அவ. அன்னைக்கு எப்படியோ இன்னைக்கும் அப்படியேதான்.

என்ன டப்பாவையே பாக்குற? வாசம் அடிக்குதா? காலியாச்சு, மூடிட்டேன். நல்லாருந்துச்சு, இன்னைக்கு உப்பு உரப்பு எல்லாம் சரியா விழுந்திருந்தது.

மைக்ல சொல்றான் கேட்டியா? அடுத்தது என் ஊரு. எழுந்திரிக்கணும். இந்தப் பையப் பிடி, இல்ல இல்ல, நானே எடுத்துக்கிறேன். உள்ள கருவேப்பில இருக்கு, நசுங்கிரும். வெளிய பாரு, தூறல் வேற. பனியும் தூறலும் சேந்து அடிக்குது. நீ எறங்குற எடத்துல இதவிடக் கூடுதலா இருக்கும், மலைப் பக்கம்ல.

ஆமா, கேக்கணும்னு நினைச்சேன். இன்னைக்கு ராத்திரி என் ரூமுக்கு வாரியா? காலையில இதே ட்ரெயின்ல போயி சாவி வாங்கிக்கலாம்.

என்னது? பரவாயில்லயா? உங்களுக்கு எதுக்குக்கா சிரமமா?

சரிம்மா.

நல்லது. நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆளு கிடையாது. இங்க வந்து கத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணு இதுதான், அவங்கவங்க இஷ்டம் அவங்கவங்களுக்கு. நீ உறுதியான பிள்ளையாத்தான் தெரியுற. சிரிச்சிட்டே இருக்க பாரு. அப்படித்தான் இருக்கணும்.

எதுக்கு நீயும் எழுந்திரிக்கிற? வழி விடவா? அதெல்லாம் நான் போயிக்கிருவேன், உக்காரு. பெட்டிய ஏன் ரெண்டு கையிலயும் பிடிச்சிருக்க, உருண்டுரும்னா? ஆமா, பிடிச்சுக்கோ, நிறுத்துறப்ப ஒரு குலுக்குக் குலுக்குவான். கொஞ்சம் நகரு தாயி, கதவுப் பொத்தான நான்தான் அமுக்கணும்.

யப்பா, என்ன குளிரு. உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத, கதவு மூடப் போறான். அம்மாகிட்ட நாளைக்காவது நெசத்தச் சொல்லு. வீடு பாத்துச் சேந்தப்புறம் யாருகூட இருக்கப் போறன்னு விசாரிச்சுக்கோ என்ன. அந்த ஆல்முட் மாதிரி கல்நெஞ்சக்காரி எவ கையிலயும் மாட்டிக்கிராத.

வரட்டுமா?